சிங்கப்பூரில் நாலு ராத்திரி: எந்தப் பேட்டையில் ரூம் போடலாம்?

கேள்வி: நானும் கணவரும் மாமியாரும் (வயது 68, சுத்த சைவம்) வியாழன் விடிகாலை சிங்கப்பூரில் இறங்கி, திங்கள் காலை கிளம்புகிறோம். போன தடவை கோலாலம்பூரில் ஒரு மாலுக்கு மேலே இருந்த ஹோட்டலில் தங்கியதில் ஊரையே பார்க்காத மாதிரி ஆகிவிட்டது. இந்த முறை வாசலில் இறங்கினாலே தெரு கலகலப்பாக இருக்க வேண்டும். ஆனால் மாமியார் தூக்கமும் கெடக்கூடாது. எல்லோரும் லிட்டில் இந்தியா என்கிறார்கள். சரிதானா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: லிட்டில் இந்தியா தப்பில்லை. ஆனால் ரூமை அங்கே போடாமல், நடந்து போகிற தூரத்தில் வாட்டர்லூ தெரு, பென்கூலன் தெரு பக்கம் போடுங்கள்.

சிங்கப்பூரில் ஒவ்வொரு பேட்டையும் ஒவ்வொரு நேரத்தில்தான் விழித்திருக்கும். ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் பக்கம் வியாழன் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஜேஜே என்றிருக்கும். சனி, ஞாயிறில் பாதிக் கடை பூட்டிக்கிடக்கும். வார இறுதியில் அங்கே ஹோட்டல் மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுதான். உங்கள் நாலு ராத்திரியில் மூன்று ராத்திரி வார இறுதியில் வருகிறது, அதனால் அந்தப் பக்கம் வேண்டாம். மரினா பே பளபளப்பான இடம், ஆனால் அங்கேயும் மாலுக்கு மேலே மால்தான். கோலாலம்பூர் கதையே திரும்பும். கிளார்க் கீ இரவு பத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும், மாமியாருக்கு ஆகாது. கேலாங்கில் சாப்பாடு அருமை, ரூமும் மலிவு. ஆனால் அங்கே இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகள் (சந்துகள்) சிவப்பு விளக்குப் பகுதி. சாப்பிடப் போய் வரலாம், குடும்பத்தோடு தங்க வேண்டாம்.

லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். காலையில் தேக்கா சந்தை, ராத்திரி சையது ஆல்வி சாலையில் முஸ்தபா என்ற பெரிய கடை என்று நாள் முழுக்க உயிரோட்டம் உள்ள பேட்டை. டன்லப் தெருவில் மட்டும் ரூம் எடுக்காதீர்கள். விடுதியும் மதுக்கடையும் அடுத்தடுத்து இருப்பதால் சத்தம் அடங்க நேரமாகும். ஞாயிறு பிற்பகலிலிருந்து சிராங்கூன் சாலை நிரம்பி வழியும். வாரம் முழுக்க உழைக்கும் தொழிலாளர்களுக்கு ஊர்க்காரர்களைப் பார்க்கக் கிடைக்கிற ஒரே நாள் அது. பயப்பட ஒன்றுமில்லை, பார்க்க வேண்டிய கூட்டம்தான். ஆனால் டாக்சி நகராது, வயதானவர்களால் நடைபாதையில் நெருக்கியடித்து நடக்கவும் முடியாது.

வாட்டர்லூ தெருவில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஒரு பகுதியில் வண்டி போகாது. குவான் இம் என்ற சீனத் தெய்வத்தின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டு வரும் சீனர்கள் அப்படியே நம் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தியை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேராகப் பிடித்து வணங்குவதைப் பார்க்கலாம். சுற்றிலும் பூக்கடை, ஜோசியர், ஆல்பர்ட் சென்டர் சந்தை என்று பகலெல்லாம் கூட்டம். இருட்டினால் தெரு அடங்கிவிடும். மிடில் சாலையில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற பழைய கட்டடத்துக்குள் சீன சைவ உணவகங்கள் பல இருக்கின்றன. வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையலும் கிடைக்கும். இட்லிதான் வேண்டும் என்றால் தேக்காவுக்குக் கால் மணி நேர நடை. கோமளவிலாஸ் 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கிறது. வேறு திசையில் அதே கால் மணி நேரம் நடந்தால் கம்போங் கிளாம் என்ற பழைய மலாய்ப் பேட்டை. வெள்ளி, சனி ராத்திரி நீங்கள் இருவர் மட்டும் அங்குள்ள ஹாஜி லேனில் பாட்டுக் கேட்டுவிட்டு நடந்தே ரூமுக்குத் திரும்பலாம். மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், அதற்கு மேல் காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதிக் கட்டணம் கூடுதலாக ஏறும். ஆகவே, நடை தூரத்தில் இருப்பது லாபம்.

பேட்டையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் பலர் ரூமில்தான் கோட்டை விடுகிறார்கள். கீழே கடை, மேலே வீடு என்றிருந்த பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய சின்ன ஹோட்டல்கள் படத்தில் அழகாகத் தெரியும். ஒட்டி ஒட்டிக் கட்டிய நீளமான வீடுகள் என்பதால் நடுவில் வரும் அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பல இடங்களில் லிஃப்ட்டும் கிடையாது. ஜன்னல் உண்டா, லிஃப்ட் எந்த மாடி வரை போகும் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அறையின் பரப்பையும் பாருங்கள்: 12 சதுர மீட்டர் என்றால் சுமார் 130 சதுர அடி, மூன்று பேரும் மூன்று பெட்டியும் அடங்காது. குறைந்தது 20 வேண்டும். அதோடு, முன்பதிவில் மூன்று பெரியவர்கள் என்றே போடுங்கள். இரண்டு பேர் என்று போட்டுவிட்டுப் போனால் கவுண்டரில் வம்பு.

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 200 டாலர் அறை கிட்டத்தட்ட 240 ஆகிவிடும். தனியார் வீடுகளைச் சில நாளுக்கு வாடகைக்குத் தருவதாக யாராவது சொன்னால் தொடாதீர்கள். அங்கே தனியார் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தங்கல் மூன்று மாதம், அரசு அடுக்குமாடி வீட்டுக்கு ஆறு மாதம். அதற்குக் குறைந்தால் சட்டவிரோதம்.

பணம் கட்டுமுன் கூகுள் வரைபடத்தில் தெருக் காட்சியைத் திறந்து, ஹோட்டலின் தரைத்தளத்தில் என்ன கடை, எதிரில் என்ன கடை என்று பாருங்கள். மதுக்கடையோ கரோக்கியோ இருந்தால் வேறு ஹோட்டல் தேடுங்கள். விமர்சனங்களில் புதியதை மேலே வரவைத்து, சத்தம், ஜன்னல், லிஃப்ட் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். நாலாவது மாடிக்கு மேல், தெருவைப் பார்க்காத பின்பக்க அறை கேளுங்கள்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் போய் எக்ஸ்போவில் நீலப் பாதைக்கு மாறினால், பென்கூலன் வரை வேறு மாற வேண்டியதில்லை. ஆனால் ஹோட்டலில் அறை தருவது மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். நீங்கள் விடிகாலை இறங்குகிறீர்கள். பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மாமியார்தான் லாபியில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். கட்டுப்படியானால் புதன் ராத்திரிக்கும் சேர்த்தே ரூம் போடுங்கள். வியாழன் காலை எட்டு மணிக்குத்தான் வருவோம் என்று முன்கூட்டியே எழுதியும் விடுங்கள். சொல்லாமல் விட்டால், முதல் ராத்திரி ஆள் வரவில்லை என்று மொத்த முன்பதிவையும் ரத்து செய்துவிட வாய்ப்புண்டு.