டிஎன்ஏ பொருத்தமும் வம்சாவளியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டிஎன்ஏ தரவை ஏற்றி உறவினரைத் தேடும் ஜெட்மேட்ச் தளத்தில் ஒருவரோடு எனக்கு 9 சென்டிமோர்கன் பொருந்துகிறது. அவர் எனக்கு என்ன முறை? (மதுரை)

பதில்: ஒரு முறையும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமோர்கன் என்பது இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ துண்டின் நீளத்தைச் சொல்லும் அலகு. அந்த அளவுள்ள துண்டு, மெய்யான பொருத்தமாகவே இருந்தாலும், பத்துத் தலைமுறைக்கு அப்பாலிருந்து வந்திருக்கலாம்.

கேள்வி: என் முப்பாட்டனார் கரும்புத் தோட்டக் கூலியாக தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். அவருடைய சொந்த ஊரை டிஎன்ஏ சொல்லுமா? (டர்பன்)

பதில்: சொல்லாது. பரிசோதனை முடிவில் 'தென்னிந்தியா' என்று காட்டும் வண்ண வரைபடத்தில் ஊர் இருக்காது. கப்பல் பட்டியலில்தான் இருக்கும். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனை அடைந்தது முதல் 1911 வரை வந்த சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கும் தனித்தனி எண் உண்டு. வீட்டிலுள்ள பழைய சான்றிதழ்களில் அந்த எண்ணைத் தேடி, அதைக் கொண்டு பட்டியலில் தந்தை பெயரையும் ஊரையும் கண்டுபிடியுங்கள். பொருத்தங்கள் அதன் பிறகு, சரிபார்க்க மட்டுமே.

கேள்வி: 170 சென்டிமோர்கன் பொருந்தும் ஒருவரை 'இரண்டுவிட்ட சகோதரர்' என்று தளம் காட்டுகிறது. வீட்டில் எவருக்கும் அவரைத் தெரியவில்லை. பெரியவர்கள் எதையாவது மறைக்கிறார்களா? (சேலம்)

பதில்: பெரியவர்களைச் சந்தேகிக்கும் முன், துண்டுகள் எத்தனை, மிக நீளமானது எவ்வளவு என்று பார்த்தீர்களா? அவ்விரண்டையும் எழுதாமல் மொத்தத்தை மட்டும் எழுதி உறவு கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? தளங்கள் காட்டும் உறவுப் பெயர்கள், நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்யாத குடும்பங்களின் கணக்கை வைத்து ஊகிக்கப்படுபவை. அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் முறையென்று கட்டிவந்த நம் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்ற தாத்தாவே அம்மா வழியில் கொள்ளுத் தாத்தாவும் ஆகிறார். அவருடைய டிஎன்ஏ இரண்டு வழியாக வந்து சேருவதால், அவர் வழி உறவினர் அனைவரோடும் மொத்தம் வீங்கிவிடுகிறது. உங்கள் 170 பதினாறு துண்டுகளாகச் சிதறி, மிக நீளமானது 18ஐத் தாண்டாவிட்டால், அது பல தலைமுறைகளுக்கு முந்தைய பொது மூதாதையர் பலரிடமிருந்து சில்லறையாகச் சேர்ந்த தொகை. அதே 170 ஆறு துண்டுகளாக இருந்து, அவற்றில் ஒன்றாவது 50ஐத் தாண்டினால், தாத்தா பாட்டிகளின் உடன்பிறந்தார் வழியில் தேடலாம். ஜெட்மேட்சில் உங்கள் பெற்றோர் தமக்குள் உறவினரா என்று காட்டும் கருவியும் உண்டு. அதை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஆண். அப்பாவின் பங்காளி ஒருவரோடு எனக்கு எக்ஸ் குரோமோசோம் பொருந்துகிறது. தளம் தவறா? (கோலாலம்பூர்)

பதில்: தளத்தின் மீது பழி வேண்டாம். ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்தே வருகிறது. ஆகவே பொருத்தம் மெய்யானால், அந்தப் பங்காளி உங்கள் அம்மா வழியிலும் சொந்தம். மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

கேள்வி: தங்கையின் டிஎன்ஏ தரவுக் கோப்பு என் கணினியில் இருக்கிறது. அவளிடம் கேட்காமல் ஜெட்மேட்சில் ஏற்றலாமா? (கோவை)

பதில்: கூடாது. 2018இல் கலிபோர்னியக் காவல்துறை ஒரு பழைய கொலையாளியை ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் கிடைத்த தூரத்து உறவினர்கள் வழியாகத்தான் கண்டுபிடித்தது; மறு ஆண்டே ஜெட்மேட்சில், விரும்பி இசைந்தவர்களின் தரவு மட்டும் காவல்துறைக்குத் தெரியும்படி விதி மாறியது. அந்த இசைவைத் தர வேண்டியவர் தங்கைதான், நீங்கள் அல்ல.

கேள்வி: ஒருவருக்குத்தான் பரிசோதனைச் செலவு கட்டுப்படியாகும். எனக்கா, 84 வயதான பாட்டிக்கா? (யாழ்ப்பாணம்)

பதில்: பாட்டிக்கு. உமிழ்நீர் சுரப்பது சிரமமானால், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வெற்றிலை போட்ட வாயை நன்றாகக் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்தே எடுங்கள்.