மிஸ்ஸியிடம் கேளுங்கள்: ஜின், கொத்தி, களவெட்டிப் பூதம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜின்னும் பேயும்தான். மாரி காலம், கரண்டும் அடிக்கடி போகிறது, அதுவாக இருக்கலாம். ஓய்வு பெற்ற மருத்துவமாதுவிடம் கேட்கிற விஷயமா என்று ஆசிரியருக்கு யோசனை. பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் என்னை விட அதிகம் ஏறி இறங்கிய பேய் இந்தக் கரையோரத்தில் இருக்காது என்றேன். சரி, எழுதுங்கள் என்றுவிட்டார்.

என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. தனியே பேசுகிறாள், ஜன்னலடியில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்கிறாள், இது என் பிள்ளை இல்லை என்கிறாள். ஜின் பிடித்திருக்கிறது, ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வருவோம் என்கிறார் மாமி. அவர் பிரம்பால் அடித்துத்தான் இறக்குவாராம். என்ன செய்ய?
*— வாசகி, சம்மாந்துறை*

மகள், உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களும் அறியட்டும் என்பதற்காக.

இன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும், வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் கடுமையான மனநோய் இப்படித்தான் வரும்: பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள், திடீரென்று, தூக்கம் கெட்டு, காதில் குரல் கேட்டு. 1000 பேறுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். மருந்துக்குக் கேட்கும். ஆனால் கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இரண்டு பேரையும் தனியே விடாதீர்கள், கிணற்றடிக்குப் போய் வருகிற நேரத்துக்குக் கூட. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்த்து அனுப்பி வைப்பார்கள். இரவில் ஆலோசனை கேட்க 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் உண்டு.

மாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஜின் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். குர்ஆனில் 72ஆம் சூரா அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்று சூரா ரஹ்மானிலும் வருகிறது. மாமி தலைமாட்டில் இருந்து, காவலுக்கு ஓதுகிற குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸீயை ஓதி ஊதட்டும். வாட்டுக்குள்ளும் ஓதலாம், நான் அறிய எந்த டொக்டரும் தடுத்ததில்லை. பிரம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை மட்டும் படலையோடு அனுப்பிவிடுங்கள். அந்த அடி ஜின்னின் முதுகில் விழாது, உங்கள் தங்கச்சியின் முதுகில்தான் விழும்.

தமிழ் ஊர்களில் இதையே கொத்தி என்பார்கள். பிள்ளை பெற்றவளைத் தேடி வருகிற பேய். திருக்கோவில் பக்கம் வீடுகளுக்குப் போன காலத்தில் தலையணைக்கடியில் பாக்குவெட்டி, வாசலில் வேப்பிலை, மூலையில் அணையாத விளக்கு, எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் பாக்குவெட்டிக்குப் பதில் கத்தி, மஃரிபுக்கு (பொழுது சாய்ந்ததும் தொழுகிற தொழுகைக்கு) முன்பே ஜன்னல் சாத்தல், அவ்வளவுதான் வித்தியாசம். வாசற்படிக்குக் குறுக்கே ஒரு கிழவி பாயைப் போட்டு, இரவெல்லாம் வெற்றிலை இடித்தபடி கிடப்பார். எனக்குப் பிடித்த காவல் அதுதான். "மிஸ்ஸி, இவள்ர பேச்சு நேற்றுப் போல இல்ல" என்று எனக்கு முன்னமே கண்டு சொன்னவர்கள் அந்தக் கிழவிகள். பிடிக்காதது, தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது. அதற்கு மட்டும் சத்தம் போடுவேன். பாக்குவெட்டியை எடுக்கச் சொன்னதில்லை. பிள்ளை கிடக்கிற பக்கம் வைக்காதே என்பேன்.

விடியப்புறம் யாரோ நெஞ்சில் ஏறி அமுக்குகிறார்கள். கண் திறந்திருக்கிறது, கையை அசைக்க முடியவில்லை, சத்தமும் வருவதில்லை. எங்கள் ஹொஸ்டல் அறையில் முன்பு ஒருவர் இறந்தாராம்.
*— மாணவன், வந்தாறுமூலை*

தம்பி, முன்பு ஒருவர் சாகாத ஹொஸ்டல் அறை எந்தக் கம்பஸில் இருக்கிறது?

கனவு காண்கிற நேரத்தில் மூளை உடம்பைக் கட்டிப் போட்டுவிடும். கனவில் ஓடுகிறவன் கட்டிலால் விழாமல் கிடப்பது அதனால்தான். சில வேளை ஆள் விழித்துவிடுவான், கட்டு அவிழக் கொஞ்சம் சுணங்கும். கனவின் மிச்சமும் கண்ணுக்குள் நிற்கும். அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தைத்தான் பேய் அமுக்கியது என்கிறோம். தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். சோதனைக் காலம் போலிருக்கிறது; நேரத்துக்குப் படுங்கள், சரிந்து படுங்கள். பகலிலும் அடக்க முடியாமல் தூங்கி விழுந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். வைரவருக்கு விளக்கு வைக்கச் சொல்லி அம்மா நின்றால் வையுங்கள். அம்மாவாவது தூங்கட்டும்.

களவெட்டிக்குள் நின்று "நெல்" என்று சொன்னால் அப்பப்பா திட்டுவாராம். அப்பாவுக்குக் காரணம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?
*— வாசகர், தம்பிலுவில்*

பூதத்துக்குப் பயந்துதான். களவெட்டி என்பது அறுத்த கதிரை எருமை மிதித்து நெல் பிரிக்கிற களம்; அதைத்தான் சூடு மிதிப்பது என்பார்கள். சூடு மிதிக்கிற இரவில் களத்தைச் சுற்றிப் பூதங்கள் நிற்கும், பேச்சைக் கேட்டால் விளைச்சலை வாரிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் களத்துக்குள் வேறு பேச்சு. நெல்லைப் பொலி என்பார்கள். அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், "லாபம்" என்றுதான் முதல் மரக்கால் விழும். செருப்போடு யாரும் உள்ளே போக முடியாது. எங்கள் வாப்பாவின் களத்திலும் இதே சட்டம்தான். பொம்பளைப் பிள்ளை என்று என்னை வரம்பிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே நின்று பார்த்தால் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் எருமைக் கடாக்கள் சுற்றிச் சுற்றி வரும், வைக்கோல் தூசி மூக்கை அரிக்கும், நடுவில் "பொலியோ பொலி" என்று ஒரு குரல். தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இதில் இல்லை. சிங்கள விவசாயிகளுக்கும் களத்துக்கென்று தனிப் பேச்சு உண்டு.

பூதத்தை வாப்பா எவ்வளவு நம்பினார் என்பது எனக்குச் சந்தேகம். அளந்து முடிக்கும் முன்பே கரத்தையோடு வந்து நிற்கும் கடன்காரருக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். எத்தனை மூட்டை என்று கடன்காரர் காதில் விழாமல் இருக்கவும் அந்தப் பேச்சு உதவியது. இப்போது மெஷின் வயலுக்குள்ளேயே அறுத்து, அடித்து, மூட்டைக்குத் தந்துவிடுகிறது. களவெட்டியே இல்லை, பூதம் எங்கே வந்து நிற்கும்?

மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. அங்கே மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று அம்மா அழுகிறா. உண்மையா?
*— வாசகர், யாழ்ப்பாணம்*

உண்மை. வந்தவர்கள் பலர் திரும்பிப் போகவில்லை. ஆனால் இதற்கு மந்திரவாதி தேவைப்படவில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தமிழரிலும் அப்படி, முஸ்லிம்களிலும் அப்படி. வீடு, வளவு, முடிந்தால் வயலும். மத்தியானம் வாவி மீன் குழம்பு, அப்புறம் எருமைத் தயிர், சாப்பிட்டுச் சரிய ஒரு பன்பாய். எழும்ப மனம் வருமா? அம்மாவையும் ஒருமுறை கூட்டி வாருங்கள்.

எங்கள் வளவில் புதையல் இருப்பதாகவும், தன்னிடம் உள்ள ஜின் இடத்தைக் காட்டும் என்றும் ஒருவர் சொல்கிறார். முன்பணமும் கறுப்புச் சேவலும் கேட்கிறார். சேவல் வாங்கிவிட்டோம்.
*— வாசகர், ஏறாவூர்*

சுலைமான் நபி ஜின்களை வேலை வாங்கிய கதை தெரியும்தானே. அவர் கைத்தடியில் சாய்ந்தபடியே மௌத்தாகிவிட்டார். அது தெரியாமல் ஜின்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன. தடியைப் பூச்சி அரித்து, அவர் சரிந்து விழுந்த பிறகுதான் அவற்றுக்கு விளங்கியது. இது 34ஆம் சூராவில் இருக்கிறது. கண் முன்னால் நின்றவரின் மௌத்தே தெரியாத கூட்டம், உங்கள் வளவுக்கடியில் கிடக்கும் பானையைக் காட்டுமா? காட்டுமென்றால் அந்த மனிதர் உங்களிடம் ஏன் முன்பணம் கேட்கிறார்?

இன்னொன்று, காக்கா. அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவது குற்றம். பொலிஸ் வந்தால் உங்களைத்தான் ஏற்றும், ஜின்னை ஏற்றாது. பணம் கொடுக்க வேண்டாம். சேவலை பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துக் கறியாக்குங்கள்.