தூரம் குறைவு, நேரம் அதிகம்: தூத்துக்குடியா, திருவனந்தபுரமா?

நாகர்கோவில் வடசேரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அம்மாவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போக வேண்டும். ஆகாய வழியில் தூத்துக்குடி–சென்னை சுமார் 530 கி.மீ., திருவனந்தபுரம்–சென்னை சுமார் 615 கி.மீ. ஆனால் தூத்துக்குடி விமானத்துக்கு ஒன்றரை மணி நேரமும், திருவனந்தபுரம் விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரமும் போட்டிருக்கிறது. எப்படி? நாங்கள் எங்கே ஏறுவது நல்லது?"

நீங்கள் பார்த்த தூரம் சரிதான். வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் பல வருடங்களாக ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அதில் ஏடிஆர் போன்ற, காற்றாடி சுழலும் சிறிய விமானங்கள்தான் இறங்க முடிந்தது. அவற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. திருவனந்தபுரத்திலிருந்து பறக்கும் ஜெட் 800 கி.மீ.க்கு மேல் போகும். வாகைக்குளம் ஓடுபாதை இப்போது 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது எந்த வகை விமானம் என்று பாருங்கள். ஏடிஆர் என்றிருந்தால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் முழுக்கப் பறக்கும் நேரமும் இல்லை. நிற்குமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குப் போவது, மேலேறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதில் அடங்கும். ஜெட்டுக்கு ஒரு எளிய கணக்கு: கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். 615 கி.மீ.க்கு ஒன்றேகால் மணி நேரம் வந்துவிடும்.

ஆனால் உங்கள் அம்மாவைக் களைப்பாக்கப் போவது ஆகாயத்தில் கூடும் அந்தக் கால் மணி நேரம் அல்ல, தரையில் போகும் நேரம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கி.மீ.தான். இருந்தாலும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வழிநெடுகக் கடைத்தெரு. பகலில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். வாகைக்குளம் ஏறக்குறைய 110 கி.மீ. ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் வள்ளியூர், நாங்குநேரி என்று நான்குவழிச் சாலை, திருநெல்வேலியிலிருந்தும் நல்ல சாலைதான். நேரம் அநேகமாக ஒன்றுதான், ஆனால் வண்டி நின்று நின்று போகாது.

அதனால் என் யோசனை இது. அதிகாலை விமானம் என்றால் திருவனந்தபுரம். அந்நேரம் சாலை காலியாக இருக்கும். பகல், மாலை என்றால் தூத்துக்குடி. போக ஒன்று, வர ஒன்று என்று எடுத்தாலும் தவறில்லை. மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம், திருவனந்தபுரம்தான்.

அப்புறம், ஏடிஆரில் பெரும்பாலும் தரையிலிருந்து படி ஏற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரத்தில் சங்குமுகம் பக்கம் ஒரு முனையம், சாக்கை பக்கம் இன்னொன்று, நடுவில் ஓடுபாதை. மாறிப் போனால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும் என்பதால், எந்த முனையம் என்பதை டிரைவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும்) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் கிடையாது.