கருப்பு நாயை வரைய 4,800 ரூபாய் கிட் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மணி நாட்டு நாய், உடம்பு முழுக்கக் கருப்பு. பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறேன். 10பி வரை வாங்கியாயிற்று. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் கருப்பு வராமல் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மினுக்குகிறது, முடியும் தெரியவில்லை. படத்தை இன்ஸ்டாவில் போட்டதும் ஒருவர், “பளபளக்காத ஸ்பெஷல் கிட் 4,800 ரூபாய், வாங்கினால் ஆர்டரும் நாங்களே பிடித்துத் தருவோம்” என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஆளுக்குப் பிறகு வருகிறேன், முதலில் மினுக்கலைப் பார்ப்போம்.

பென்சிலில் இருப்பது ஈயமில்லை, கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட் ஏடு ஏடாக அடுக்கிய பொருள். அழுத்தித் தேய்த்தால் அந்த ஏடுகளெல்லாம் தாளில் படுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பி எண் ஏற ஏறக் களிமண் குறைந்து கிராஃபைட் கூடும் என்பதால் 10பி இன்னும் மினுக்கும். கருப்பு வரவேண்டும் என்று நீங்கள் கொடுத்த அழுத்தமே கருப்பைக் கெடுத்திருக்கிறது.

மணியைக் காலையில் மொட்டை மாடியில் உட்கார வைத்துப் பாருங்கள். முதுகில் வானத்து வெளிச்சம் விழுந்து சாம்பலாக இருக்கும். நிஜமான கருப்பு நாலைந்து இடத்தில்தான்: கண்ணின் பாவை, மூக்குத் துவாரம், வாய்க்கோடு, காது மடிப்பின் உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி. அங்கே மட்டும் ஆழமாகப் போய், மற்ற இடத்தில் வெளிச்சத்தை விட்டுவையுங்கள். பார்ப்பவர் கண் மீதியைத் தானே கருப்பாக்கிக்கொள்ளும். ஹெச்பி, அதன் மேல் 2பி, அதன் மேல் 4பி, எல்லாமே இலேசான கையால். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே கோடு போகவேண்டும். மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறி, கன்னத்தில் பின்னோக்கிச் சாயும். நாட்டு நாய்க்குக் கோடு குட்டையாக இருக்கட்டும். முடிகிற இடத்தில் கையைத் தூக்கிவிடுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது. முகவாயில் நரை இருந்தால், நிழல் போடுவதற்கு முன்பே மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கீறிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் பென்சில் இறங்காது, வெள்ளை முடி அப்படியே நிற்கும்.

ஜெராக்ஸ் தாளில் மூன்றாவது அடுக்கு ஏறாது. பிராட்வே ஆண்டர்சன் தெருவுக்குப் போய், 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு அது) குறையாத, தடவினால் இலேசாகச் சொரசொரக்கிற தாளை உதிரியாகக் கேளுங்கள்.

கிராஃபைட் மட்டுமே போதும் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத் தப்பாகச் செய்யாதவர்கள் குறைவு என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அந்த நாலைந்து இடங்களில் கிராஃபைட் போதாது என்று பட்டால் கார்பன் பென்சில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அது மினுக்காது. ஆனால் கடைசியில் எடுக்கக் கூடாது, முதலில் எடுக்கவேண்டும். கிராஃபைட் வழுக்கும் பொருள். அதன் மேல் கார்பன் ஒட்டாமல் திட்டுத் திட்டாக நிற்கும். வெறும் தாளில் பாவைக்கும் மூக்குத் துவாரத்துக்கும் கார்பனைப் போட்டு, ஓரத்தில் மட்டும் கிராஃபைட்டைக் கொண்டுவந்து சேருங்கள். கண்ணில் வெளிச்சப் புள்ளி விழும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள். கார்பனை ரப்பரால் முழுசாக எடுக்க முடியாது. முதுகு முழுக்கக் கார்பன் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வரைவது நாயை அல்ல, நாயின் நிழலை.

இப்போது அந்தக் கிட்காரர். மினுக்காத கிராஃபைட் பென்சில் பொய்யில்லை, நல்ல கம்பெனிகளே போடுகின்றன. ஒற்றைப் பென்சிலாகவும் கிடைக்கும். கிட்டில் மீதி இருப்பது உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஹெச்பியும் ரப்பரும்தான். ஆனால் 4,800 போவது சின்ன நஷ்டம். “ஆர்டர் பிடித்துத் தருவோம்” என்பதுதான் தூண்டில். பழைய வண்ணாரப்பேட்டையில் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் இப்படி மாட்டினான். வாடிக்கையாளரிடம் 2,500 வாங்கி இவன் கையில் 500 வைத்தார்கள். கையெழுத்துப் போடக் கூடாது, படத்தை ஸ்கேன் செய்தும் அனுப்பவேண்டும். ஆறு மாதம் கழித்து அவன் வரைந்த லேப்ரடார், யாரோ வீட்டு லேப்ரடார் என்று கேன்வாஸில் பிரிண்ட் ஆகி, “கையால் வரைந்தது” என்ற சீட்டோடு விற்றுக்கொண்டிருந்தது. முன்பணம் கேட்டால் “எக்ஸ்போஷர்”, அதாவது நாலு பேர் பார்ப்பார்கள், என்பார்கள். எக்ஸ்போஷரைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கொடுத்தால் அரிசி போடுவார்களா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்னவரே உருவப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்த ஒப்பந்தத்துக்கு நீளமான பத்திரம் வேண்டாம். வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில், “உரிமை என்னிடமே, நகல் எடுத்து விற்கக் கூடாது” என்று அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டாலே கையில் ஓர் ஆதாரம் இருக்கும். பாதிப் பணம் முதலில். ஏஜென்டிடம் இல்லாமல் நாயின் சொந்தக்காரரிடம் நேரே பேசுங்கள்.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். டிராயிங் பீரியட் என்றாலே கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்கிற ஊர் இது. அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கு 2012இல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டுக் கேட்டே நரைத்துப் போனார்கள். 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இதோ பெரியமேடு பக்கத்தில் இருக்கிறது. வடசென்னைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அங்கே விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னார்கள்? அந்த இடைவெளியில்தான் கிட்காரர் கடை போடுகிறார்.

பார்த்து வரைவதற்கான போட்டோவை வேறு யாராவது எடுத்துத் தந்தால் வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் முடியெல்லாம் நசுங்கிவிடும். நீங்களே எடுப்பதானால் போனை மணியின் மூக்குக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகி முகமே மாறிவிடும். நாலடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

படம் முடிந்ததும் பிரேம் கடைக்காரர் சாமி படத்துக்குச் செய்கிற பழக்கத்தில் பலகையில் பசை தடவி ஒட்டப் பார்ப்பார், லேமினேஷனும் போடச் சொல்வார். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லி, அவர் வைக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.