டிகிரி முடிச்சாச்சு, வேலைதான் வரலை: திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. முன்பு சென்னையில் இருந்து செய்தேன், இப்போது பாளையங்கோட்டையில் இருந்தே செய்கிறேன். வேலை தேடிச் சோர்ந்துபோனவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, பி.இ. மெக்கானிக்கல் முடித்து எட்டு மாசம் ஆகிறது. தினமும் நௌக்ரி வேலைத் தளத்தில் முப்பது இடத்துக்கு அப்ளை பண்ணுகிறேன். ஒரு போன்கூட வரவில்லை. இப்போது லேப்டாப்பைத் திறக்கவே மனசு வரமாட்டேங்குது. (அம்பாசமுத்திரம்)

தம்பி, உன் மனசில் ஒரு கோளாறும் இல்லை. எட்டு மாசம் பதிலே வராத வேலையைச் செய்தால் யாருக்கும் கை ஓடாது. மாற்ற வேண்டியது ரெஸ்யூமை.

நான் ஆள் தேடும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அந்தத் தளத்தில் ஃப்ரெஷர், மெக்கானிக்கல், சாலிட்வொர்க்ஸ் (டிசைன் வரைகிற மென்பொருள்) என்று மூன்று நாலு சொல் போட்டுத் தேடுவேன். அந்தச் சொற்கள் இருக்கிறவர்கள், சமீபத்தில் புரொஃபைலைத் தொட்டவர்கள் பட்டியலில் மேலே வருவார்கள். மேலே இருப்பவற்றில்கூட ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுத்தால் பெரிசு. முதல் வரியில் "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு" என்று ஆரம்பித்தால் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். ஊரில் எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். போன மாசம் ஒரு பையனுடையது வந்தது. முதல் வரியே இதுதான்: "வாழைநார் பிரிக்கும் மெஷின். சாலிட்வொர்க்ஸில் வரைந்து, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருந்து செய்தோம். நார் அறுந்துகொண்டே இருந்ததால் ரோலர் இடைவெளியை இரண்டு தடவை மாற்றினோம்." நின்று படித்தேன். அவன் மார்க் ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் உடனே போன் போட்டேன்.

உனக்கும் அப்படி ஒரு புராஜெக்ட் இருக்கும். அதை மேலே கொண்டு வா. முப்பதை ஐந்தாகக் குறை. ஒவ்வொரு வேலைக்கும் அவர்கள் அறிவிப்பில் கேட்டிருக்கும் சொல் உன் ரெஸ்யூமில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பு. இல்லாததை எழுதிவிடாதே, இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய்.

அப்புறம், அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பக்கம் ஏன் யாரும் போவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. அப்ரண்டிஸ் பயிற்சிக்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) தளத்தில் பதிந்து வை, பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருந்தால் போதும். உதவித்தொகை குறைவுதான், ஆனால் ஒரு வருட அனுபவச் சான்று கிடைக்கும். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் அப்ரண்டிஸ் எடுக்கிற இடங்கள். இரண்டும் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடாவின் சோலார் ஆலை ஓடுகிறது, அங்கேயும் கண் வை.

விசேஷ வீட்டுக்குப் போனாலே "என்ன பிள்ள, சோலி ஏதும் கெடச்சிட்டா?" என்கிறார்கள். அடுத்த கேள்வி மாப்பிள்ளை. வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். பி.காம். (வீரவநல்லூர்)

போவதை நிறுத்தாதே. கணக்கு வேலையில் பாதி ஆட்களை இந்த மாதிரி வாய்ச்சொல்லில்தான் எடுக்கிறார்கள். ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் நௌக்ரியில் விளம்பரமே போடுவதில்லை.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போ. "டேலியும் ஜி.எஸ்.டி.யும் படிக்கேன் சித்தி, தைக்குள்ள முடிஞ்சிரும். ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் யாரும் இருந்தா சொல்லுங்க." இப்படிச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். சித்தி ஒரு நம்பர் தருவாள், இல்லாவிட்டால் பேச்சைப் பாயசத்துக்கு மாற்றிவிடுவாள். இரண்டும் உனக்கு லாபம்தான்.

மாப்பிள்ளை விஷயத்தில் வீட்டில் வெறுமனே "வேண்டாம்" என்றால் சண்டைதான் மிஞ்சும். "வர்ற ஆனித் தேர் வரைக்கும் விடுங்க, அதுக்குள்ள என்ன செய்யப் போறேன்னு இதுல எழுதியிருக்கேன்" என்று அப்பாவிடம் ஒரு தாளைக் கொடு. கெடு இருந்தால் பெற்றவர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள்.

குரூப் 4, பேங்க், தனியார் மூன்றுக்கும் படிக்கிறேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. (நாங்குநேரி)

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எப்படி ஒட்டும்? குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதும் இல்லை. பேங்க் தேர்வு நேர் எதிர்: வேகம், ஆங்கிலம், ஒவ்வொரு தப்புக்கும் கால் பங்கு மார்க் போகும். ஒன்றுக்குப் பழகிய கை மற்றதில் அடி வாங்கும்.

ஒன்றை முதலாவதாக வை. அடுத்த தேர்வு வரைதான் முழுநேரப் படிப்பு என்று இப்போதே முடிவு செய். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு படி. நாலு வருஷம் ரிசல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்க்கிறேன், அவர்களிடம் என்ன அனுபவம் என்று கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உன்னை மாதிரியே படிக்கிற கூட்டம் இருக்கும். வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு படிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் போதுமா? (சேரன்மகாதேவி)

பதிந்து வை, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க மறக்காதே. அதோடு விடு. வேலையில்லாதவர்களுக்கு அரசு தருகிற உதவித்தொகையை நம்பாதே: பதிந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் கேட்க முடியும், பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். (வள்ளியூர்)

போகாதே தம்பி. இதே கதையைச் சொல்லி அழைத்துப்போன நம் பிள்ளைகளை மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்திருக்கிறார்கள். டூரிஸ்ட் விசா என்ற சொல்லே போதும், அங்கேயே எழுந்து வந்துவிடு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அங்கே பேரைத் தேடிப் பார். முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்.

உள்ளூரிலும் இதுதான் கணக்கு. யூனிஃபார்முக்கு, லேப்டாப்புக்கு, டிரெய்னிங்குக்கு டெபாசிட் கேட்கிற கம்பெனி சம்பளம் தரப்போவதில்லை.

என் மகன் பேசவே மாட்டேன் என்கிறான். ராத்திரி மூன்று மணி வரை போன், மத்தியானம்தான் எழுந்திரிக்கிறான். என்ன செய்ய? (ஒரு தகப்பனார், திசையன்விளை)

அண்ணாச்சி, முதலில் அடுத்த வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். வேலையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மட்டும் கேளுங்கள். பஸ் காசையும் போன் ரீசார்ஜையும் அவன் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். இருபத்திரண்டு வயதில் அப்பாவிடம் இருநூறு ரூபாய்க்கு நிற்பது பெரிய அவமானம், வெளியே சொல்ல மாட்டான். காலையில் அவனால் மட்டுமே ஆகிற வேலை ஒன்றை வையுங்கள். கடைக் கணக்கோ, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோ, எதுவாக இருந்தாலும் சரி. எழுந்திரிக்க ஒரு காரணம் வேண்டுமே.

சாப்பாடு குறைந்து, பிடித்ததிலும் ஆர்வம் போய், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சென்னை போய் ரூம் எடுத்துத் தேடினால்தான் கிடைக்குமா? (தென்காசி)

இன்டர்வியூ தேதி கையில் இருந்தால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறு, காலையில் சென்னை. தேதி இல்லாமல் போனால் வாடகைதான் போகும். முதல் சுற்று இப்போது பெரும்பாலும் ஆன்லைனில்தான். உன் ஊருக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் கம்பெனி இருக்கிறது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025-இல் திறந்தாகிவிட்டது. முதலில் இவற்றைப் பார்.

ரெஸ்யூமை உங்களுக்கு அனுப்பலாமா அக்கா? (நிறையப் பேர்)

அனுப்புங்கள், பி.டி.எஃப். ஆக. ஃபைலுக்கு "ஃபைனல் நியூ 3" என்று பேர் வைக்காமல் உங்கள் பேரையும் படிப்பையும் வையுங்கள். போன் நம்பரை ஒரு தடவை சரிபாருங்கள், நம்பரில் ஒரு இலக்கம் விட்டுப்போன ரெஸ்யூம்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.