வேலைக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு வட்ட நிழல்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்கள். அதில் ‘வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சிறிய வட்ட நிழல்’ என்று எழுதியிருக்கிறது. இருமல், காய்ச்சல் ஒன்றும் இல்லை. இது சயரோகமா? வேலை போய்விடுமா?
– ஒரு தாய், கொடிகாமம்

பதில்: அம்மா, அந்த ஒரு வரியை வைத்துச் சயரோகம் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. வளர்ந்தவர்களில் சயரோகம் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியையே பிடிக்கும். கீழே ஒரு சென்ரிமீற்றர் அளவில் வட்டமாகத் தெரிவது பல வேளைகளில் முலைக்காம்பின் நிழல்தான். ஒரு பக்கம் மட்டும் தெரிவதும் உண்டு. இரண்டு முலைக்காம்புகளிலும் சிறு உலோகக் குறி ஒட்டிப் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். குறியும் நிழலும் ஒரே இடத்தில் விழுந்தால் பிரச்சினை தீர்ந்தது. நிழல் தனியாக நின்றால் சுவாச நோய் வைத்தியரிடம் காட்டவேண்டும், சி.ரி. ஸ்கான் தேவைப்படலாம்.

திரும்ப எடுக்கும்போது சட்டை, சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்றவேண்டும். நெஞ்சைத் தட்டோடு அணைத்து, தோள்களை முன்னுக்குத் தள்ளி, மூச்சை முழுதாக உள்ளிழுத்துப் பிடிக்க வேண்டும். அரை மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடியில் இரத்தக் குழாய்கள் நெருங்கி நின்று நோய்போலக் காட்டும். கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம்: ஒரு படத்துக்குச் சுமார் 0.02 மில்லிசீவெர்ட், இயற்கையில் நாம் மூன்று நாளில் பெறும் அளவு.

நோய்க்குறி இல்லாத, கந்தோரில் இருந்து வேலை செய்யப்போகும் இளைஞருக்கு இந்தப் படத்தால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பதே என் கருத்து. இலங்கையில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறக்குறைய 60 பேருக்குச் சயரோகம் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோயில்லாத நூறு பேரில் நாலு பேருக்குப் படம் தவறாகச் சந்தேகம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரைப் படம் எடுத்தால் 40 குடும்பங்கள் கலங்கும். உண்மையான நோயாளி ஒருவர்கூட அகப்படாமல் போகலாம். எல்லோருக்கும் கண்மூடித்தனமாகப் படம் எடுப்பதைக் கைவிடவேண்டும் என்று அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு 1974 இலேயே சொல்லிவிட்டது.

கருங்கல் உடைக்கும் ஆலை, மணலை வேகமாக வீசி உலோகத்தைத் துப்புரவாக்கும் மணல் வீச்சு போன்ற சிலிக்காத் தூசு வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் முதற்படம் மிக அவசியம். பின்னாளில் நுரையீரல் கெட்டால், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் இருக்கும். வீட்டில் சயரோகம் வந்தவர் இருந்தாலும் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது.

மகனிடம் நாலு விடயங்களைக் கேளுங்கள்: இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு. ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரேயோடு நிற்காமல் யாழ்ப்பாணம் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் ஆழ இருமி எடுத்த சளியாக இருக்கவேண்டும், எச்சில் உதவாது.

கம்பனிக்கு வெறும் அறிக்கையை அனுப்பாமல், நிழலின் காரணத்தை எழுதிய வைத்தியர் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு படங்களின் மூலப் பிரதிகளும் வீட்டிலேயே இருக்கட்டும்.