தத்தெடுப்புத் தாள்களும் வீட்டுப்பாடும்: கேள்வி பதில்

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இங்கே நியூ ஜெர்சியில் பிறந்தவன். இளையவள் மூன்றரை வயதில் ஒடிசாவிலிருந்து வந்தாள். நானும் கணவரும் வேலைக்குப் போய்க்கொண்டு, என் அப்பா அம்மாவும் கூடவே இருக்க, அவளுக்கான தாள் வேலையை ஏறக்குறைய மூன்று வருடம் பார்த்தோம். நாங்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர்கள். அதனால் இந்தப் பதில்கள் அமெரிக்காவிலிருந்து இந்தியக் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு சகோதரி: ஹோம் ஸ்டடி (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐ-800ஏ படிவத்தை (தத்தெடுக்க நமக்குத் தகுதி உண்டா என்று அமெரிக்கக் குடிவரவுத் துறை பார்க்கும் விண்ணப்பம்) இன்னும் அனுப்பவில்லை. பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் அனுப்பலாமா?

வேண்டாம், இந்த வாரமே அனுப்புங்கள். ஹோம் ஸ்டடி ஆறு மாதத்துக்கு மேல் பழசானால் அதைப் புதுப்பித்துத்தான் குடிவரவுத் துறைக்குக் கொடுக்க முடியும். சமூகப் பணியாளரை மறுபடி கூப்பிட வேண்டும், பணமும் போகும்.

இந்த வேலையில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தனிக் கெடு இருக்கிறது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம் செல்லும். அதை நீட்டிக்கும் விண்ணப்பத்தை, முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள்தான் போட முடியும். இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காரா, ஹோம் ஸ்டடியை மூன்று வருடம் ஏற்றுக்கொள்ளும். அங்கே செல்லுபடியாகும் தாள் இங்கே காலாவதியாகிவிடும் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பள்ளி மதிய உணவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். எது எப்போது முடிகிறது, அதற்கு மூன்று மாதம் முன் எந்த ஞாயிறு என்று மட்டும் அதில் இருக்கும்.

ஞாயிறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாவு அரைத்து வைத்த பிறகு ஒரு மணி நேரம்தான் தத்தெடுப்பு வேலை. கோப்பை எடுப்போம், பார்ப்போம், மூடிவிடுவோம். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். முதல் வருடம் அப்படிச் செய்யாமல் தினமும் ராத்திரி சோற்றுத் தட்டோடு சேர்த்து ஈமெயிலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் மகன் என்ன படித்தான் என்றுகூட எனக்குச் சரியாக நினைவில்லை.

டல்லாஸிலிருந்து ஒரு தம்பி: என் கல்யாணச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. பிரச்சினையாகுமா?

ஆகும். நம் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் ஒரு தாளில் இனிஷியலாக முன்னால் நிற்கும், இன்னொன்றில் விரிந்து கடைசிப் பெயராகிவிடும். பெண்களுக்குக் கணவர் பெயரும் சேர்ந்து மூன்றாவது வடிவம் வந்துவிடும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். தாளைச் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அதே எழுத்து வரும்படி கேளுங்கள். வேலை செய்யும் இடத்துச் சம்பளக் கடிதம், டாக்டர் சான்று, பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றிலும். பழைய தாள்களுக்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள்.

அப்போஸ்டில் (ஒரு தாள் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இணைக்கும் சான்று) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தில் பிறந்த தாளுக்கு அந்த மாநிலம்தான் அப்போஸ்டில் போடும். எஃப்.பி.ஐ. தரும் குற்றப் பின்னணிச் சான்றுக்கு வாஷிங்டனில் வெளியுறவுத் துறை போட வேண்டும். எங்கள் கட்டு ஒருமுறை திரும்பி வந்தது. நோட்டரி தன் முத்திரையில் நடுப்பெயரோடும் கையெழுத்தில் அது இல்லாமலும் இருந்தார். அதற்கே மூன்று வாரம் போனது. அன்றிலிருந்து நோட்டரி மேசையிலேயே முத்திரையையும் கையெழுத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

சிகாகோவிலிருந்து: பெரியவனுக்கு ஆகஸ்டில் 18 முடிகிறது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவர்களுக்கும் கைரேகையா?

ஆமாம். குடிவரவுத் துறையின் பின்னணிச் சோதனையில், வீட்டில் வசிக்கும் 18 வயது நிறைந்த எல்லோரும் கணக்கில் வருவார்கள். பையனுக்கு 18 ஆனதும் அந்த மாற்றத்தைத் தெரிவித்து, ஹோம் ஸ்டடியிலும் சேர்க்க வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே சமூகப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். மாமியார் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புபவராக இருந்தாலும் மறைக்காதீர்கள். சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

என் அம்மாவுக்கு இரண்டு முறையும் ரேகை விழவில்லை. அறுபது வருடம் புளி கரைத்த விரல். கண்ணாடி மேல் அழுத்தி அழுத்தி எடுத்தும் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான். "என்னால உங்க பிள்ளை வராம போயிடுமாடி?" என்று வண்டியில் அழுதுவிட்டார். அப்படியெல்லாம் ஆகாது. இரண்டு முறை பதியாவிட்டால் காவல்துறைச் சான்று கேட்பார்கள், கொடுத்தால் போதும். வயதானவர்களை அழைத்துப் போகும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டது என் தவறு.

இன்னொன்று. உங்களுக்கு ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால், காராவின் 2022 விதிமுறைப்படி சிறப்புத் தேவையுள்ள அல்லது எளிதில் இடம் கிடைக்காத குழந்தைகளுக்கு மட்டுமே உங்களைக் கருதுவார்கள். உறவினர் குழந்தையானால் இதில் விலக்கு உண்டு. சேரும் முன் வீட்டில் இதை மனம்விட்டுப் பேசுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து: அக்காள் மகளைத் தத்தெடுக்க விரும்புகிறோம். ஊரில் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு விசாவுக்குப் போகலாம் என்கிறார் தெரிந்தவர்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பத்திரத்தைக் காட்டினால் குழந்தைக்கு விசா வராது. இந்தியாவும் அமெரிக்காவும் நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றன. சொந்தக்காரக் குழந்தையானாலும் அந்த வழியில்தான் போக வேண்டும். முதலில் ஐ-800ஏ, பிறகு காரா வழியாக விண்ணப்பம், அப்புறம்தான் தத்து. வரிசை மாறினால் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. தத்து முடிந்தும் குழந்தை ஊரில், பெற்றோர் இங்கே என்று பிரிந்து கிடக்கும் குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

தெரிந்த ஆசுபத்திரியில் குழந்தை இருக்கிறது, நேரே வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே தொடராதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

சான் ஹோசேயிலிருந்து: ஏழு வயது மகள் தினமும் "தங்கச்சி எப்ப வருவா?" என்கிறாள். என்ன சொல்வது?

தேதி சொல்லாதீர்கள். நாங்கள் சொல்லிக் கெட்டோம். மகனிடம் "உன் அடுத்த பிறந்தநாளுக்குள் வந்துவிடுவாள்" என்றேன். பிறந்தநாளும் வந்தது, கேக்கும் வெட்டினோம். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று உண்மையைச் சொன்னோம். உறையை ஒட்டும் வேலையை அவனுக்கே கொடுத்தோம். பாட்டியின் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்து, தங்கச்சிக்கும் ஒரு டம்ளரில் பெயர் வெட்ட வேண்டும் என்றான். பெயரே தெரியாதே! வெறும் எவர்சில்வர் டம்ளர் ஒன்று அலமாரியில் இரண்டு வருடம் அப்படியே இருந்தது. அவளைக் கூட்டி வரப் போனபோது அவனே அதைப் பெட்டியில் எடுத்து வைத்தான். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் பாட்டி ஊர்ப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டினோம். கடைக்காரர் கருவியை வைத்துத் தட்டத் தட்ட, அவள் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

உங்கள் மகளின் நீச்சல் வகுப்பையும் தோழி வீட்டு விருந்தையும் எந்தத் தாளுக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். அப்போஸ்டில் அலுவலகம் திங்கட்கிழமையும் திறந்திருக்கும்.

பாஸ்டனிலிருந்து: குழந்தையின் விவரம் வந்தால் 96 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டுமாமே. இருவரும் வேலைக்குப் போகிறோம். எப்படி?

ஆமாம், 96 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை உங்களுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். பிறகு 30 நாளுக்குள் குழந்தை ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். முதல் கெடுதான் மூச்சு முட்டும். எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. ஒரு போட்டோ, சில பக்கங்கள், சில அளவுகள்.

மருத்துவரை இப்போதே பேசி வையுங்கள். தத்தெடுக்கும் குழந்தைகளின் அறிக்கைகளைப் படித்துப் பழகிய குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு, முந்தைய பரிசோதனைகள் ஆகியவற்றை வைத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்வார்கள். அந்த நான்கு நாளில் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைப்பது, யார் விடுப்பு எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்த ராத்திரியில் சொந்தக்காரர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள். முடிவு உங்கள் இருவருடையது.

விடுப்பைப் பற்றி: எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் தத்தெடுப்புக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு. குழந்தையை அழைத்துவரப் போகும் பயணத்துக்கும் அதிலிருந்து எடுக்கலாம். உங்கள் நிறுவனம் அதற்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சியாட்டிலிலிருந்து: செலவுக்கு வரிச் சலுகை உண்டா?

உண்டு. 2025-க்கு ஒரு குழந்தைக்கு உச்சவரம்பு 17,280 டாலர், வருமானம் கூடினால் குறையும். வெளிநாட்டுத் தத்து என்றால் தத்து முடிவான ஆண்டில்தான் கேட்க முடியும். அதுவரை ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

ராலேயிலிருந்து: குழந்தை வேறு மொழி பேசினால்? வந்த பிறகாவது தாள் வேலை முடியுமா?

எங்கள் மகளுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். போகும் முன் இருபது சொல் கற்றுக்கொண்டோம். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "பாணி" என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று புரிந்ததே, அதற்கே அந்த இருபது சொல்லும் தகும். சாப்பாடு, வலி, பயம், கழிப்பறை, அம்மா இங்கேதான் இருக்கிறேன், இவை போதும். தமிழ் ஆறு மாதத்தில் தானாக வந்துவிட்டது.

தாள் வேலை இன்னும் கொஞ்சம் இருக்கும். தத்து ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றம் தருவதில்லை, மாவட்டக் கலெக்டர் தருகிறார். பிறகு பிறப்புச் சான்று, இந்தியப் பாஸ்போர்ட், ஹேக் உடன்படிக்கைப்படிதான் தத்து நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, அப்புறம் அமெரிக்க விசா. ஐஎச்-3 (இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்கான) விசாவில் 18 வயதுக்குள் வந்து உங்களோடு வசிக்கும் குழந்தைக்கு இங்கே இறங்கியதுமே குடியுரிமை கிடைத்துவிடும். குடியுரிமைச் சான்று தபாலில் வரும். அதன் பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு அறிக்கைகள் காராவுக்குப் போக வேண்டும். பள்ளி தொடங்கும் வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் சமூகப் பணியாளரை வரச் சொல்லாதீர்கள்.

குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் நகல் எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் போட்டோ, அவளிடம் இருக்கும் மிகப் பழைய படங்களில் ஒன்றாக இருக்கலாம்.